வீட்டு அடுப்பில் சிக்கன் நூடுல்ஸ்

வண்டிக்கடையில் உதிரி உதிரியாக வருகிற நூடுல்ஸ், வீட்டில் செய்தால் மட்டும் ஏன் கொழகொழத்துப் போகிறது? நம் கடலோர ஊர்களான சதுரங்கப்பட்டினத்திலும் கல்பாக்கத்திலும் சமையல் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். அதே பாக்கெட், அதே சாஸ், அதே கோஸ், கேரட். கைப்பக்குவம் போதவில்லை என்று யாரும் வருந்த வேண்டாம். சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

வண்டிக்காரரிடம் இருப்பது ஹை பிரஷர் அடுப்பு. அதன் தீ சட்டியின் பக்கவாட்டிலும் ஏறி நக்கும். நம் வீட்டு காஸ் அடுப்பின் பெரிய பர்னர் தருவது சுமார் 2 கிலோவாட் வெப்பம். அதில் மூன்றில் இரண்டு பங்கு சட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிது. அரை டம்ளர் தண்ணீர், அதாவது 100 மில்லி, கொதிநிலைக்கு வந்த பிறகு ஆவியாவதற்கு மட்டும் ஏறக்குறைய 226 கிலோஜூல் வேண்டும். கணக்குப் போட்டால் நம் அடுப்புக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிட வேலை. கழுவிய ஈரத்தோடு போட்ட கோஸ், பிழியாத கறி, சரியாக வடியாத நூடுல்ஸ் மூன்றும் சேர்ந்தால் அரை டம்ளர் சாதாரணமாக வந்துவிடும். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே கிடப்பது எதுவும் 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணக்க 140 டிகிரியாவது வேண்டும். அதனால்தான் வதங்க வேண்டியது அவிந்துபோகிறது. நூடுல்ஸும் அந்த ஆவியில் மேலும் வெந்து, மாவு கசிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

தீயைக் கூட்ட நமக்கு வழியில்லை. தண்ணீரை முன்கூட்டியே விரட்ட வழி இருக்கிறது.

நூடுல்ஸிலிருந்து தொடங்குங்கள். 150 கிராம் பாக்கெட் இரண்டு பேருக்குச் சரி. நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். கடித்தால் நடுவில் லேசாக விறைப்பு தெரிய வேண்டும். உடனே பச்சைத் தண்ணீரில் அலசினால் மேலே ஒட்டிய மாவும் போகும், உள்சூட்டில் மேலும் வேகாமலும் நிற்கும். பிறகு பலர் செய்யாமல் விடும் வேலை ஒன்று உண்டு: வடிகட்டியதை ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிசறி, பெரிய தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் வையுங்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தாலும் நல்லதே. என்னைக் கேட்டால் பாதிச் சமையல் அந்தத் தாம்பாளத்திலேயே முடிந்துவிடுகிறது.

கறிக்கு எலும்பில்லாத தொடைக்கறி நல்லது. நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். கால் கிலோவைக் கழுவிப் பிழிந்து துணியில் ஒற்றி எடுங்கள். நார் ஓடும் திசையைப் பார்த்து அதற்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்குங்கள். நார் துண்டுபட்டுவிடுவதால் மெல்லும்போது மெத்தென்று இருக்கும். ஒரு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் கார்ன்ஃபிளார், ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுப் பிசறி இருபது நிமிடம் வையுங்கள். சூடு பட்டதும் கார்ன்ஃபிளார் கூழாகிக் கறியின் மேல் மெல்லிய உறையாகிவிடும். சாறு வெளியே ஓடாது. சீனச் சமையற்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை இது. ஓட்டல் சிக்கன் பஞ்சு போல இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நம் கரையில் இறால் நன்றாகக் கிடைக்கும் நாளில் கோழியை விட்டுவிடலாம். இறாலுக்கும் இதே பிசறல்தான். ஒரு பக்கம் ஒரு நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம் போதும். இறுகிச் சுருண்டுவிட்டால் ரப்பராகிவிட்டது என்று அர்த்தம்.

கேரட், கோஸ், பீன்ஸ், குடைமிளகாய் எதுவானாலும் முதலில் கழுவி உலர்த்துங்கள், பிறகு நறுக்குங்கள்.

சட்டி இரும்பில் இருக்கட்டும். நான்ஸ்டிக்கின் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெட ஆரம்பிக்கும். இந்தச் சமையலுக்கு அது ஒத்துவராது. அகலமான இரும்புக் கடாய் இல்லையென்றால் பெரிய தோசைக்கல்லில் செய்யலாம். கொத்து பரோட்டாவே அப்படித்தானே நடக்கிறது! ஒரு மேசைக்கரண்டி சோயா, ஒரு மேசைக்கரண்டி சில்லி சாஸ், ஒரு ஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை எல்லாவற்றையும் முன்பே ஒரு கிண்ணத்தில் கலந்து வையுங்கள். அடுப்பேறிய பிறகு பாட்டில் மூடியைத் திருக நேரமிருக்காது. சோயாவில் உப்பு நிறைய இருப்பதால் தனி உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போட்டால் போதும்.

சட்டி லேசாகப் புகையும்வரை காயட்டும். எண்ணெய் விட்டு, கறியைக் குவிக்காமல் பரப்பி, ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் சிவக்காது. திருப்பி வேகவிட்டு, பெரிய துண்டு ஒன்றைப் பிய்த்துப் பார்த்து உள்ளே வெளுத்திருந்தால் தட்டுக்கு மாற்றுங்கள். மறுபடி காயவிட்டுக் காய்களை இரண்டு நிமிடம் வதக்கி அதையும் எடுத்துவிடுங்கள். மூன்றாவதாகப் பூண்டு, அது சிவப்பதற்குள் நூடுல்ஸ். அதையும் அரை நிமிடம் சும்மா விட்டுப் புரட்டுங்கள். சாஸை நூடுல்ஸின் மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் சுற்றி விடுங்கள். காய்ந்த இரும்பில் சோயா பொரிகிற அந்த மணமே கடை மணம். இப்போது கறியும் காயும் திரும்பி வரலாம். வெங்காயத்தாள், மிளகு தூவி, ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள்.

ஒரு தடவைக்கு இரண்டு பேர் அளவுதான். வீட்டில் ஆறு பேர் என்றால் மூன்று முறை செய்ய வேண்டும். அவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்க முடியாது என்பவர்களுக்கு நான் பர்மா நூடுல்ஸான அத்தோவைத்தான் சொல்வேன். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பர்மா பஜார். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, பின்னர் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் பெருந்திரளாகத் திரும்பி வந்தார்கள். பலர் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த சமையல் அந்தப் பகுதி வண்டிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அத்தோவுக்குக் கலக்கும்போது தீயே வேண்டாம். வேகவைத்து ஆறிய நூடுல்ஸோடு பொடியாக அரிந்த பச்சைக் கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், உப்பு போட்டுக் கையால் பிசைவதுதான். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அரை கிலோ கோழியை அவித்துப் பிய்த்துப் போட்டால் ஆறு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும். புளியைக் கெட்டியாகக் கரையுங்கள், பொரித்த வெங்காயத்தைப் பரிமாறும் நேரத்தில் சேருங்கள். முன்பே போட்டால் நமத்துவிடும்.