ஒரே ஒரு வெட்டு

கண்ணாடி விரியன் கடித்தவரின் சிரையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புத்தம்புதிய கண்ணாடிக் குழாயில் விடுகிறார்கள். 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்கிறார்கள். கட்டியாக உறைந்திருந்தால் அப்போதைக்கு நிம்மதி. தண்ணீராக ஓடினால் நஞ்சு வேலையைத் தொடங்கிவிட்டது.

குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும்; கண்ணாடியின் மேற்பரப்பு பட்டாலே ரத்தம் உறையத் தூண்டப்படும். சோப்பு போட்டுக் கழுவிய குழாயில் அந்தத் தூண்டல் கெட்டுவிடும். நல்ல ரத்தமும் உறையாமல் நின்று மருத்துவரை ஏமாற்றும்.

ஓடும் ரத்தத்தைப் பார்த்தால், உறைதலைத் தடுக்கும் சரக்கு ஏதோ இந்த நஞ்சில் இருப்பதாகத் தோன்றும். நேர்மாறு! ரத்தத்தை உறைய வைப்பதில் இதற்கு இணையான பொருட்கள் குறைவு.

நம் ரத்தத்தில் உறைதல் காரணிகள் என்ற புரதங்கள் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன, ஆனால் உறக்கத்தில். காயம் பட்டால் ஒன்று விழித்து அடுத்ததை எழுப்பும். பத்தாம் காரணி எழுந்தால் போதும், ஃபைப்ரினோஜன் என்னும் கரைந்த புரதம் இழையாகித் திரண்டு காயத்தை அடைக்கும். விரியன் நஞ்சிலுள்ள ஒரு நொதி (வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்) முந்தைய படிகளை எல்லாம் தாண்டி நேரே பத்தாம் காரணியிடம் போகிறது. நானூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் புரதத்தில் ஒரே ஒரு பிணைப்பை வெட்டுகிறது. காயம் படும்போது உடல் தானே வெட்டுவதும் அதே பிணைப்பைத்தான்.

விளைவு? ஊரில் எங்கும் தீ இல்லை. ஆனால் நூறு தெருவில் ஒரே நேரத்தில் 'தீ, தீ' என்று கூச்சல். தீயணைப்பு வண்டிகளின் தண்ணீரெல்லாம் வீணாகக் கொட்டித் தீர்ந்தபின் உண்மையான தீ பிடிக்கிறது. அப்படித்தான் ஃபைப்ரினோஜன் தேவையற்ற இடங்களில் செலவாகித் தீர்கிறது. பிறகு ஈறிலிருந்து ரத்தம் கசிந்தாலும் நிறுத்த ஆளில்லை.

நஞ்சு முறிவு மருந்து உறையவைக்கும் மருந்தல்ல. நஞ்சைப் பிடித்து முடக்குவதோடு அதன் வேலை முடிந்தது. தீர்ந்த சரக்கைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து அந்தக் குழாய்ச் சோதனையை மறுபடி செய்கிறார்கள். மருந்துக்கான நஞ்சு பெரும்பாலும் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் மருந்து தயார். இருளர் கைகளின் நுட்பம் இல்லாமல் இதில் முதல் படியே இல்லை. அதை மருந்துப் புட்டியின் சீட்டு சொல்வதில்லை.

ரத்தத்தை உறைய வைக்கும் நஞ்சைப் பற்றி லண்டனில் மேக்ஃபார்லேன் என்ற இளம் மருத்துவருக்கு வேறு யோசனை. ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு, பத்தாம் காரணியை எழுப்ப வேண்டிய முந்தைய காரணிகளில் ஒன்று குறைவு. ஒரு பல் பிடுங்கினாலே ரத்தம் நிற்காது. அந்தக் காரணிகளெல்லாம் இன்னும் பிரித்தறியப்படாத காலம் அது. மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பொறுப்பாளர் பார்னெட்டுடன் சேர்ந்து பல பாம்புகளின் நஞ்சைச் சோதித்தார். வென்றது கண்ணாடி விரியன். பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த நஞ்சைக் காயத்தின்மேல் வைத்தால் ரத்தம் நின்றது. 1934-இல் இருவரும் அதை வெளியிட்டார்கள். குறைபட்ட படியைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி நஞ்சில் இருந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1964-இல், காரணிகள் ஒன்றையொன்று எழுப்பும் தொடரை முழுதாக வரைந்து காட்டியவரும் அதே மேக்ஃபார்லேன்தான்.

அந்த நஞ்சு இன்றும் ஆய்வகங்களில் வேலை பார்க்கிறது. திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஏற்படும் பெண்ணின் அறிக்கையில் 'ரஸ்ஸல் வைப்பர் வெனம் டைம்' (கண்ணாடி விரியன் நஞ்சு நேரம்) என்று ஒரு வரி இருக்கக்கூடும். ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் நீர்த்த நஞ்சைச் சேர்த்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவார்கள். உறைதலுக்குத் தேவையான கொழுப்புப் பொருட்களை ஒரு வகை எதிர்ப்பொருள் பற்றிக்கொண்டிருந்தால் நேரம் நீளும். வேடிக்கை என்னவென்றால், குழாயில் உறையத் தாமதிக்கும் இந்த ரத்தம்தான் அவள் உடலுக்குள் வேண்டாத இடத்தில் உறைந்துவிடுகிறது.