தயிரும் நுண்ணுயிரும்

கடைசிக் கவளம் தயிர்ச் சோறாக இருந்தால்தான் உண்ட நிறைவு ஏற்படும் என்பது நம்மவர் கொள்கை. சென்ற விடுமுறையில் என் பாட்டி, "தயிரில் ஏதோ ஆன்டி-ஆக்சிடன்ட் இருக்கிறதாமே, இனி எனக்குப் பிரஷர் மாத்திரை எதற்கு?" என்று கேட்டார். விளம்பரம் செய்த வேலை அது! அறிவியல் மாணவனாகிய எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

கல்லூரி திறந்ததும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்தோம். நறுக்கிய உருளைக்கிழங்கின்மீது ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டேன், நுரை பொங்கியது. கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி, அந்த நச்சை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டது. அடுத்து, தயிரிலிருந்து பிரித்து வளர்த்த லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவின்மீது விட்டேன். ஒரு குமிழிகூட எழவில்லை!

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனிலிருந்தே செல்லுக்குள் சூப்பர் ஆக்சைடு, பெராக்சைடு போன்றவை தோன்றுகின்றன. அளவு மீறினால் அவை கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும். அதைத் தடுப்பவையே ஆன்டி-ஆக்சிடன்ட்கள். கேட்டலேஸ் இல்லாத இப்பாக்டீரியா தன்னைத்தானே எங்ஙனம் காத்துக்கொள்கிறது?

இதற்கு ஒரு விடையை 1981-இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்து ஆர்ச்சிபால்டு, பிரிடோவிச் இருவரும் வெளியிட்டனர். புளித்த காய்கறிகளில் வாழும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம், மாங்கனீசைத் தன் செல்லுக்குள் மிகுதியாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, அதனால் சூப்பர் ஆக்சைடை அழிக்கிறது. நொதி செய்ய வேண்டிய வேலையை உலோகம் செய்கிறது! ஆனால் அது தன்னைக் காக்கும் வித்தை. சோதனைக் குழாயில் கண்டதெல்லாம் நம் உடலிலும் நிகழும் என்று கொள்ளலாகாது.

1908-இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாப் போன்ற பேரறிஞரும் இங்கே அவசரப்பட்டார். பல்கேரிய உழவர்களின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணம் என்றார் அவர். அப்பாலில் உள்ள பாக்டீரியா குடலில் நிலைத்துத் தங்குவதில்லை எனப் பின்னர் தெரிந்தது.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. பாலின் சர்க்கரையாகிய லாக்டோஸ் செரிக்காதவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். அதிலுள்ள உயிருள்ள பாக்டீரியாக்களின் நொதியே அச்சர்க்கரையைச் சிதைக்க உதவுகிறது. ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருந்தால் யோகர்ட்டுக்கு இப்பயன் உண்டென்று 2010-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றது. கொதிக்கவைத்தால் அவை மடிந்துவிடும். மேலும், போதிய அளவில் உயிருடன் உட்கொள்ளப்பட்டு நலம் தருபவையே "ப்ரோபயாடிக்" என உலக நிறுவனங்கள் 2001-இல் வரையறுத்தன. வீட்டுக்கு வீடு உறை மாறும். ஆகவே எல்லாத் தயிரையும் அப்பெயரால் அழைக்க முடியாது.

அடுத்த முறை ஊருக்குச் சென்றபோது இவற்றையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். "தயிர் உணவு பாட்டி, மாத்திரை மருந்து. ஒன்றுக்காக மற்றொன்றை விடக்கூடாது" என்றேன். பாட்டி சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கிவிட்டு, தயிர்ச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.