மின்கலத்துள் நீர் ஏன் இல்லை?

மன்னார் உப்பளத்து நீரில் மின் எளிதிற் பாயும். உப்பின் அயன்களே அதனைச் சுமந்து செல்கின்றன. எனினும், மன்னார்த் தீவில் 2020இல் தொடங்கிய ‘தம்பபவனி’ காற்றாலைகளின் மின்னை இலிதிய மின்கலங்களிற் சேமிக்க விழைவோமாயின், அவற்றினுள் நீருக்கு இடமில்லை.

காரணம் யாது? ஏறத்தாழ 1.23 உவோற்றிலேயே நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியத்தக்கது. இலிதிய மின்கலமோ ஏறக்குறைய 3.7 உவோற்றில் இயங்குவது. ஆதலால் இலிதிய உப்பை எதிலீன் காபனேற்று முதலிய சேதனக் கரைப்பான்களிற் கரைக்கின்றனர். முதன்முறை மின்னேற்றுகையில் அக்கரைப்பானிற் சிறிது சிதைந்து, காரீய மின்வாயின்மேல் மெல்லிய படலமாகப் படியும். அப்படலம் இலிதிய அயன்களுக்கு வழிவிட்டு, மேலும் சிதைவு நேராது காக்கும்.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள்: உப்பு நீர் எரியாது, இக்கரைப்பான்களோ எரிவன. கைப்பேசியின் மின்கலம் வீங்கக் கண்டால் மின்னேற்றாதீர்கள். அதனைத் துளைக்கவும் வேண்டா.