உங்களுக்குத் தெரியுமா? – கொத்து ரொட்டிக்கு ஒரு வாசல், சாராயத்துக்கு ஒரு வாசல்

ஏ4 வீதியில் அவிசாவளையைத் தாண்டி இரத்தினபுரிக்குப் போகிறவர்களுக்கு எஹலியகொட என்றால் ஒரு பஸ் நிறுத்தம், ஒரு பிளேன்டீ. சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டத்து மக்களுக்கோ அதுதான் டவுன். சம்பளம் வாங்கிய கையோடு மாவு, அரிசி, பிள்ளைகளுக்குக் கொப்பி, அம்மாவுக்கு மருந்து எல்லாம் வாங்கும் இடம். அந்தச் சம்பளம் லயத்துக்குப் போய்ச் சேருமுன் எத்தனை சாராயக் கடைகளைத் தாண்ட வேண்டும், அவை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்?

இரண்டு அனுமதிகள்

டவுனில் இரவு கொத்து ரொட்டிக் கடை போட நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் பிரதேச சபை. வியாபார அனுமதிப்பத்திரத்தைச் சபை தருகிறது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து அடுப்படி, தண்ணீர், கழிவு வாய்க்கால், வேலை செய்பவரின் கை நகம்வரை பார்ப்பார். குறை கண்டால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டு போவார்.

அதே வரிசையில் மதுக்கடை திறப்பவருக்கு வழி வேறு. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அனுமதி தருவது கொழும்பிலிருந்து இயங்கும் மதுவரித் திணைக்களம். உள்ளூர் அதிகாரிகளிடம் அறிக்கை கேட்பார்கள், உண்மைதான். ஆனால் நாம் வாக்களித்து அனுப்பிய சபை உறுப்பினர்கள் கூடி, “இந்தச் சந்தியில் இருப்பதே போதும், இன்னொன்று வேண்டாம்” என்று கையுயர்த்தினால் அது கடைசி வார்த்தை ஆகாது. கொத்துக் கடைக்காரரின் நகத்தைப் பார்க்க அதிகாரம் உள்ள ஊருக்கு, சாராயக் கடைகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய அதிகாரம் இல்லை. இது தவறான ஏற்பாடு.

வாக்குப் போட்டுத் தவறணையை மூடிய காலம்

இந்த நாட்டில் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1912இல் பிரித்தானிய அரசு சாராயத் தவறணையையும் கள்ளுத் தவறணையையும் வேறு வேறாகப் பிரித்தது. தீவு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளுத் தவறணைகளைத் திறக்கத் திட்டமிட்டது. ஊர்கள் கொதித்தன. 1904இல் தொடங்கியிருந்த மதுவொழிப்பு இயக்கம் மறுபடி வேகம் பிடித்தது. டி.பி. ஜயதிலக்கவும் எஃப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க சகோதரர்களும் அதில் முன்னின்றார்கள். 1915 கலவரத்தைச் சாட்டாக வைத்து அரசு சிறையில் தள்ளியவர்களில் இந்த இயக்கத்தாரும் இருந்தார்கள். பிற்காலத்துச் சுதந்திரக் கோரிக்கைக்கு ஆள் சேர்ந்த இடங்களில் தவறணை எதிர்ப்புக் கூட்டமும் ஒன்று.

அதன் விளைவாக 1920களில் ஓர் அருமையான வழி கிடைத்தது. தம் பகுதியில் தவறணை வேண்டுமா வேண்டாமா என்று ஊரார் வாக்களித்தே முடிவு செய்யலாம். யாழ்ப்பாணப் பக்கத்தில் பல தவறணைகள் அப்படி மூடப்பட்டன.

தோட்டத்து மக்களின் கதைதான் வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது; அதன் பின்னால் வாக்கும் போனது. நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் சட்டம் வர வேண்டியிருந்தது. குடியுரிமை கிடைத்த பிறகும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை சேவை செய்வதற்குத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். ஊர் வாக்களித்துத் தவறணையை மூடக்கூடிய காலம் ஒன்று இருந்தது. தோட்டத்தார் முழுமையாக ஊரின் பங்காளிகள் ஆனபோது அந்தக் காலம் போய்விட்டிருந்தது.

சபை இல்லாத வேளையில்

உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எஹலியகொட உட்படப் பெரும்பாலான பிரதேச சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இல்லை. அந்த இடைவெளியில், 2024இல், வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் 361 என்று அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் பட்டியல் சமர்ப்பிக்கப்பட்டது. மேல் மாகாணத்துக்கு 110, மத்திய மாகாணத்துக்கு 45, நம் சப்ரகமுவவுக்கு 30. கேள்வி கேட்க வேண்டியவர்களின் நாற்காலிகள் வெறுமையாக இருந்தபோது இது நடந்திருக்கிறது.

சுருக்கமாகச் சில

21 வயது நிறையாதவருக்கு மதுவும் சிகரெட்டும் விற்பது குற்றம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அப்பா சொல்லித்தான் வாங்க வந்தேன் என்று பிள்ளை சொன்னாலும் விதிவிலக்குக் கிடையாது.

போயா தினங்களில் மட்டுமல்ல, உலக மதுவொழிப்பு தினமான அக்டோபர் 3இலும் மதுக்கடைகள் மூடப்படும்.

பெண்கள் மது வாங்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். அதோடு கடை திறக்கும் நேரத்தையும் நீட்டினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் செய்தார். பெண் மது வாங்கலாமா என்று நாடே வாதிட்டது. கொழுந்துக் கூடையும் இறப்பர் பால் வாளியும் சுமந்து குடும்பம் நடத்தும் பெண்ணிடம், உன் வழியில் மதுக்கடை எங்கே இருக்கலாம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இரவு பதினொரு மணிக்குப் பிறகு சூடான தேநீர்

இங்கிலாந்தில் இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை சூடான உணவோ பானமோ விற்பவருக்குத் தனி அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் மதுவையும் பின்னிரவுச் சாப்பாட்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. மதுக்கடை மூடியதும் கூட்டம் சாப்பாட்டுக் கடை வாசலில்தான் கூடுகிறது, சண்டையும் அங்கேதான் முளைக்கிறது என்பது காரணம். அனுமதி தருவது உள்ளூர் சபையே. இதில் நாம் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. ஒரு தெருவில் ஏற்கெனவே கடைகள் நெருக்கமாக இருந்தால், ஒவ்வொரு கடையும் ஒழுங்காக நடந்தாலும், எல்லாம் சேர்ந்து தரும் தொல்லையைக் கணக்கிட்டுச் சபை அறிக்கை வெளியிடலாம். அதன் பிறகு புதிய விண்ணப்பங்களை மறுக்க அந்த அறிக்கை வலுவான ஆதாரம். 2018 முதல் இதற்குச் சட்ட அந்தஸ்து உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது மீளாய்வு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகவே பார்க்கிறோம். பாடசாலைக்கு எவ்வளவு தூரம், கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கிறோம். அடுத்த மதுக்கடைக்கு எவ்வளவு தூரம் என்பதும் அதே அளவு முக்கியம்.

பிரேசிலின் ஒரு தொழிலாளர் நகரம்

சாவோ பாவ்லோவை ஒட்டிய தியடேமா நகரம் கொலைகளுக்குப் பேர்போனதாக இருந்தது. 2002 ஜூலையில் நகரசபை ஒரே ஒரு விதி கொண்டுவந்தது: இரவு 11 மணிக்குப் பிறகு மது விற்பனை இல்லை. விதியைப் போட்டுவிட்டுப் போகாமல், இரவிரவாக ரோந்து போய் நடைமுறைப்படுத்தினார்கள். கொலைகள் பெருமளவு குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

நெடுஞ்சாலையே டவுன்

இந்திய உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட டாஸ்மாக் மதுக்கடைகள் 2017 ஏப்ரலில் மூடப்பட்டன. பல கடைகள் ஊருக்குள் நகரப் பார்த்தபோது பெண்கள் திரண்டு தடுத்தார்கள். எஹலியகொடயில் அதே அளவுகோலை வைத்தால் கடைவீதியே அதற்குள் அடங்கிவிடும். ஏ4 வீதிதான் டவுனின் முதுகெலும்பு. ஆகவே அந்த மீட்டர் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. நமக்குத் தேவை இத்தனை கடைகளே போதும் என்ற எண்ணிக்கை வரம்பு.

சாப்பாட்டுக் கடையை மூடாதீர்கள்

டிசம்பர் போயா முதல் வெசாக்வரை சிவனொளிபாதமலைப் பருவம். எரத்ன, பலாபத்தல வழிகளுக்குக் கொழும்புப் பக்கமிருந்து இந்த டவுனைத் தாண்டி இரவிரவாக வாகனங்கள் போகின்றன. குழந்தையோடு வருபவருக்கு நள்ளிரவில் சூடான பால்தேநீரும் ரொட்டியும் வேண்டும். சாரதிக்கும் கண் விழிக்க ஒரு கோப்பை வேண்டும். ஆகவே பின்னிரவுக் கட்டுப்பாடு என்ற பேச்சு வந்தால் சாப்பாட்டையும் மதுவையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. சாப்பாட்டுக் கடைக்குச் சுத்தமும் வெளிச்சமும் கட்டாயம் ஆக்குங்கள். நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். நேரத்தைச் சுருக்க வேண்டியது மதுவுக்கு.

கடை குறைந்தால் கசிப்பு பெருகும் என்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. தோட்டத்தில் கசிப்பால் அழிந்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அது கசிப்பைப் பிடிக்கச் சொல்லும் காரணம். இன்னொரு கடைக்கு அனுமதி கொடுக்கச் சொல்லும் காரணமல்ல. கசிப்புப் பற்றி மதுவரித் திணைக்களத்துக்கு 1913 என்ற எண்ணில் அறிவிக்கலாம்.

ஒரு கடிதம் போதும்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தக் குடிமகனும் மதுவரித் திணைக்களத்திடம் கேட்கலாம்: எஹலியகொட பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை மதுபான அனுமதிப்பத்திரங்கள் உள்ளன, எப்போது, எந்த வகையில் வழங்கப்பட்டன என்று. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்து உங்களுக்கு அறிவிக்க வேண்டும். பதில் வந்ததும் அதன் பிரதியொன்றை உங்கள் வட்டார உறுப்பினர் கையில் கொடுங்கள்.