முதல் தூறலை நம்பாதீர்கள்



தைப்பூசக் காவடிகள் இறங்கியதும் நம் மேற்குக்கரைத் தோட்டங்களில் வானமும் கையை மூடிக்கொள்கிறது. பால்மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கின்றன. மாலை மூன்று மணிக்கு மேகம் கூடும், இடிகூட இடிக்கும். மழையோ அடுத்த டிவிஷனுக்குப் போய்விடும். வீட்டுக்குப் பின்னால் கொத்திப் போட்ட பாத்தி கட்டி கட்டியாகக் காய்ந்து கிடக்க, கையில் வெண்டை விதையை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் பொறுப்பது?

இந்த அவசரத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. பால் குறைந்தால் சம்பளமும் குறைகிறது. அதே வாரங்களில் பாத்தியும் காய்ந்துவிடுவதால், கீரைக் கட்டைக்கூடப் பாசாரில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் இன்று செம்பனைக்கு மாறிவிட்டோம், டவுனுக்கும் போய்விட்டோம். ஆனாலும் பின்வாசலில் நாலு செடி வைக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. 1974-இல் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டம் என்று தொடங்கி, வீட்டருகே பயிரிடுங்கள் என்று சொன்னபோது, லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் முன்னமே நின்றுகொண்டிருந்தன அல்லவா?

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று நம் பாட்டன்மார் கப்பலேறி வரும்போதே ஒரு பழமொழியையும் கொண்டு வந்தார்கள். அது அந்த மண்ணுக்குச் சரி. இங்கே மேற்குக்கரையில் மழை ஆண்டுக்கு இருமுறை வலுக்கிறது: ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் மறுமுறை. ஆடி மாதம் நமக்கு மழை குறைந்த மாதம்தான். ஆகவே நமக்குச் சித்திரை ஒரு பட்டம், ஐப்பசி ஒரு பட்டம். கிழக்குக்கரையின் கதை வேறு. அங்கே பெருமழை ஆண்டின் கடைசியில் வருகிறது.

சித்திரை என்று சொன்னேனே தவிர, நாட்காட்டியைப் பார்த்து வானம் பெய்வதில்லை. எல் நினோ வந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் வெப்பம் 40.1 டிகிரியைத் தொட்டது. 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகளையே மூடினார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் சித்திரை பிறந்துவிட்டதே என்று விதைத்தால் விதை மண்ணோடு போகும்.

இன்னொன்றும் நம்மை ஏமாற்றும். பால்மரம் செம்பு நிறத்தில் துளிர் விட்டதும், “மரமே துளிர்த்துவிட்டது, இனி என்ன?” என்று மண்வெட்டியைத் தூக்குகிறோம். அந்த மரத்தின் ஆணிவேர் ஆழத்தில் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். மேல்மண் புழுதியாக இருக்கும்போதே அது துளிர்க்கும். கீரை விதைக்கு அந்த வசதி ஏது?

முதல் தூறல்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. அரை மணி நேரம் பெய்து, மண் மணத்தைக் கிளப்பிவிட்டு நின்றுவிடும். மேலே நனைந்த மண்ணில் விதை நீரைக் குடித்து ஊதுகிறது, உள்ளே முளை அசைகிறது. அடுத்த மூன்று நாள் வெயில் அடித்தால் அந்த முளை கருகும். உலர்ந்த விதை காத்திருக்கும். முளைக்கத் தொடங்கிய விதையால் மறுபடி உறங்க முடியாது. எனவே மழை விட்ட மறுநாள் காலையில் பாத்தியை ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அடிமண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். பொடிந்து உதிர்ந்தால் விதைப் பொட்டலத்தை மீண்டும் அலமாரியில் வையுங்கள்.

கை சும்மா இருக்காது என்கிறீர்களா? மிளகாய்க்கும் கத்தரிக்கும் இப்போதே வேலை உண்டு. பழைய பால் டின்னில் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் கலந்து விதையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரே அதற்குப் போதும். ஐந்து வாரத்தில் நாற்று தயாராகும். மழை தாமதித்தால் நிழலோரம் இன்னும் சில நாள் காத்திருக்கும். வெண்டை, பயற்றங்காய், கீரை மூன்றும் நேரே பாத்தியில் விதைப்பவை. அவற்றுக்குத்தான் பொறுமை வேண்டும்.

உதிர்ந்து கிடக்கும் ரப்பர் இலையை அள்ளி வந்து பாத்தியின் மேல் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். வெயில் மண்ணைத் தொடாது, இருக்கிற ஈரம் போகாது. மழை வந்ததும் அதுவே மக்கி உரமாகும். சம்பளத்தைக் குறைத்த மரம் இதையாவது கொடுக்கட்டுமே! கூட்டிக் குவித்துக் கொளுத்தும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காய்ந்த காட்டில் ஒரு பொறி போதும். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றமும் ஆகும். தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை இறுக மூடி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு வறட்சி காலத்து டிரம்மைவிட நல்ல வீடு கிடையாது.

அடிமண் நனைந்த பிறகு விதைத்தால் கீரை ஒரு மாதத்துக்குள் குழம்புச் சட்டிக்கு வரும்; வெண்டை ஏழு வாரத்துக்குள் காய்க்கும். காய்க்கும்போது நல்ல செடி ஒன்றைப் பார்த்து, இரண்டு காயைப் பறிக்காமல் விடுங்கள். “முற்ற விட்டுவிட்டாயே” என்று மாமியார் கடிந்துகொண்டாலும் பரவாயில்லை. பழுப்பேறி வெடிக்கும் சமயத்தில் பறித்து, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்தால் ஐப்பசிப் பட்டத்துக்கு ஆகும். கடையில் வாங்கிய கலப்பின விதையில் மட்டும் இது பலிக்காது. அடுத்த தலைமுறைச் செடி தாயைப் போல இராது. பக்கத்து வீட்டு அக்காவிடம் நாட்டு வெண்டை இருந்தால் இப்போதே ஒரு கைப்பிடி விதை கேட்டு வையுங்கள்.