குழந்தைப் பருவத்து உடற்பருமன்

கொழுத்த குழந்தையே நலமுள்ள குழந்தை என்னும் எண்ணம் எம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பஞ்சமும் கொள்ளைநோயும் அடிக்கடி வந்துசென்ற காலத்தில் அவ்வெண்ணம் பொருளுடையதாயிருந்தது. அக்காலத்தில் உடலிற் சேர்ந்த கொழுப்பு, பட்டறையிற் சேமித்த நெல்லுக்கு ஒப்பாகும். ஆயின், இன்று நிலைமை வேறு. உலகிலே 5 முதல் 19 வரை வயதுடையோரில் உடற்பருமனுற்றோர் 1990 ஆம் ஆண்டில் நூற்றுக்கு இருவர். 2022 இல் எண்மர் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

இப்பருமனை அளப்பது எங்ஙனம்? கிலோகிராமிற் கொண்ட நிறையை, மீற்றரிற் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டி எனப்படும். வளர்ந்தோர்க்கு இதன் எல்லை வயதோடு மாறுவதில்லை. பிள்ளைகட்கோ வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப மாறும். ஒரு வயதளவில் உயர்ந்து நிற்கும் சுட்டி படிப்படியாகக் குறைந்து, ஐந்தாறு வயதளவில் மிகத் தாழ்ந்து, பின்னர் மீண்டும் ஏறும். இதனை அறியாத தாய், நான்கு வயதுப் பிள்ளை மெலிந்துவிட்டதே எனக் கலங்கி, முகந்திருப்பும் வாயிலே மேலும் ஒரு கவளத்தைத் திணிக்கின்றாள். அம்மெலிவு பெரும்பாலும் இயற்கையானதே. மாறாக, சுட்டியின் ஏற்றம் உரிய வயதுக்கு முன்னரே தொடங்குமாயின், அதுவே பிற்காலப் பருமனுக்கு முன்னறிகுறி என்பர் ஆய்வாளர்.

எம்மவர்க்கு இன்னுமோர் இடருண்டு. பூனாவை அடுத்த சிற்றூர்களில் வைத்தியர் யாஜ்னிக் முதலியோர் நடாத்திய ஆய்விலே, அங்குப் பிறந்த குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளினும் நிறையிலும் தசையிலும் குறைந்திருந்தன. கொழுப்பிலோ அத்துணைக் குறைவில்லை. இத்தகைய உடலமைப்பின்மேற் பருமனும் சேரின், நீரிழிவு இளமையிலேயே வந்து பற்றுதல் எளிதாகும்.

கற்பிட்டிக் குடாநாட்டின் மாம்புரி போன்ற கரையூர்களை நோக்குக. மீனும் தேங்காயும் மரக்கறியும் அண்மையிற் கிடைக்கும் நிலம் அது. ஆயினும், போத்தற் பானம் எட்டாத ஊர் இன்று எமது நாட்டில் அரிது. 100 மில்லிலீற்றரில் 11 கிராம் சீனி கொண்ட பானத்தின் 330 மில்லிலீற்றரிலே ஏறத்தாழ 36 கிராம், அஃதாவது ஒன்பது தேக்கரண்டிச் சீனி உண்டு. நாளொன்றுக்கு 1,600 கலோரி வேண்டிய பிள்ளைக்கு, சேர்த்துக்கொள்ளும் சீனியின் மேலெல்லை 40 கிராமே. இலங்கை அரசு 2016 இல் பானங்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறிகளை விதித்தபோது, 11 கிராமுக்கு மேற்பட்டதற்கே சிவப்பு இட்டது. ஆகவே, செம்மஞ்சட் குறியைக் கண்டு தீங்கில்லை எனத் துணிதல் தவறாகும்.

பட்டினியிடுதல் இதற்குப் பரிகாரமன்று. வளரும் பிள்ளைக்கு, உயரம் கூடுங்கால் நிறை கூடாது நிற்பினும் பல வேளைகளிற் போதும். நாடோறும் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும், தாகத்துக்குத் தண்ணீரும், போதிய உறக்கமும் வேண்டும். பருத்த பிள்ளையை வகுப்பிலே நகையாடுவோர், அப்பிள்ளையை விளையாட்டிடத்தினின்றே விரட்டுகின்றனர். நோய் தீரும் இடம் அதுவேயாதலின், அப்பிள்ளையை அங்கு அழைத்துச் செல்லல் ஆசிரியர் கடன். சிகிச்சை நிலையத்து வளர்ச்சி அட்டையை அயலாரின் கண்ணினும் மேலாக நம்புதல் பெற்றோர் கடன்.