பனிப்பாதைக்கு எத்தனை குதிரைத்திறன் போதும்?

சுமார் கால் நூற்றாண்டுக்கு முன், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயிலில் சீட்டு கொடுத்த ஊழியர்கள் சிலர் மூச்சுக்கவசம் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த கூண்டுக்குள் நல்ல காற்றைக் குழாய் வழியாகச் செலுத்த வேண்டியிருந்தது. காரணம், குளிர்காலக் காலை நேரத்தில் வாயிலில் வரிசைகட்டி நின்ற பனிவண்டிகளின் புகை. முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, நடுவில் ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அன்றைய பனிவண்டி என்றால் அநேகமாக அவ்வளவுதான்.

டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழே இறங்கும்போது, எரிந்த புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் சேர்ந்தே திறந்திருக்கும். உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு ஓடிவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின்களில் இப்படி வீணானது ஏறக்குறைய கால் பங்கு. கூடவே மசகு எண்ணெயும் எரியும். நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் இன்றைய டூ-ஸ்ட்ரோக்குகள் இந்த இழப்பைப் பெருமளவு குறைத்துவிட்டன. ஆனாலும் யெல்லோஸ்டோனின் புகை, இரைச்சல் வரம்புகளுக்குள் அடங்கி உள்ளே போகிறவை ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள்தான்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கை மந்தமான சுமைவண்டி என்று நினைத்திருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது யமஹா. 2003 மாடலாக வந்த ஆர்எக்ஸ்-1, அந்த நிறுவனத்தின் ஆர்1 பந்தய பைக்கின் 998 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. பனிவண்டிக்குக் கியர் கிடையாது. நம் ஊர் ஸ்கூட்டரில் இருப்பதுபோல இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் பெல்ட்தான் வேகத்தை மாற்றுகிறது. எஞ்சினோ நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அந்த வேகத்தைக் கப்பியும் பெல்ட்டும் தாங்காது. எனவே எஞ்சினுக்கும் கப்பிக்கும் நடுவே ஒரு பல்சக்கர ஜோடியை வைத்துச் சுழற்சியைக் குறைத்தார்கள். பொறியியலாக அது பெரிய சாதனை என்றே நான் மதிக்கிறேன். விலையாகக் கொடுத்தது எடை. அதுவும் வண்டியின் மூக்கில்.

கனடாவின் ஸ்கீ-டூ வேறு வழியில் போனது. அதன் எஞ்சின்களைச் செய்யும் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ், பனிவண்டிக்குத் தோதாக நிதானமாகச் சுற்றும் எஞ்சின்களைக் கொண்டுவந்தது. முதலில் இரண்டு சிலிண்டர் 600 ஏஸ், பிறகு மூன்று சிலிண்டர் 900 ஏஸ். 899 சிசி, சுமார் 90 குதிரைத்திறன், ஏழாயிரத்தைச் சற்றே தாண்டிய சுற்றிலேயே முழு பலம். சுழற்சியைக் குறைக்கத் தனிப் பல்சக்கரம் வேண்டியதில்லை; கப்பியை எஞ்சின் தண்டிலேயே மாட்டலாம்.

அப்புறம் தொடங்கியது டர்போ போட்டி. யமஹா 2017-இல் சைட்வைண்டரை 180 குதிரைத்திறன் வகுப்பில் இறக்கியது. அதே எஞ்சின்தான் ஆர்க்டிக் கேட் நிறுவனத்தின் தண்டர்கேட்டிலும். ஸ்கீ-டூ 900-க்கு டர்போ மாட்டி 150-க்கும், பிறகு 180-க்கும் ஏறியது. ஆனால் கனடாவின் குவிபெக் மாகாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 30,000 கி.மீ.க்கு மேல் பனிப்பாதை இருக்கிறது. அங்கே அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வேகம் மணிக்கு 70 கி.மீ. அந்தப் பாதையில் 180 குதிரைத்திறனை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது?

பாதையில் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு எஞ்சினின் குணம் தெரிவது வளைவில்தான். ஆக்சிலரேட்டரை விட்டதும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் பட்டையைப் பிடித்து இழுக்கும். எடை முன்னால் சாயும், ஸ்கீயின் அடியிலுள்ள கார்பைடு விளிம்பு பனியில் பதியும், வண்டி திரும்பும். பெரிய யமஹாக்களில் இந்த இழுவை பலமானது. பழகியவர் பிரேக்கைத் தொடாமலே வளைவுகளை எடுத்துவிடுவார். பழகாதவருக்கு உறைந்த இறக்கத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மூக்கு கனமான வண்டி வளைவின் நடுவில் வேகம் கொடுத்தால் திரும்பாமல் நேரே தள்ளிக்கொண்டு போகும். இந்த இரண்டு சங்கடமும் 900 ஏஸில் குறைவு. விற்பனைத் தாளில் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். முன்பக்க எடையைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

வெப்பம் இன்னொரு விஷயம். பெரும்பாலான பாதை வண்டிகளில் காரில் இருப்பதுபோன்ற ரேடியேட்டர் இல்லை. பட்டைக்கு மேலே உள்ள அலுமினியக் கூண்டின் அடியில் குளிர்நீர் ஓடும்; பட்டை வாரி அடிக்கும் பனி அதில் பட்டு உருகி வெப்பத்தைக் கொண்டுபோகும். பாதை கண்ணாடிபோல இறுகிவிட்டால் வாரி அடிக்கப் பனி ஏது? அப்போது பக்கவாட்டிலுள்ள கம்பி ஒன்றை இறக்கிவிடுவார்கள். அது பனிக்கட்டியைச் சுரண்டிச் சுரண்டித் தூளாக்கி மேலே எறியும். வெப்பத்தை அதிகமாகக் கக்கும் டர்போ வண்டிக்காரருக்கு அந்தக் கம்பி இல்லாமல் தீராது.

2025 மாடலோடு யமஹா வட அமெரிக்கப் பனிவண்டிச் சந்தையிலிருந்து விலகிக்கொண்டது. மிச்சமிருப்பவற்றில் நீண்ட பாதைப் பயணத்துக்கு எது என்று கேட்டால், டர்போ இல்லாத 900 ஏஸையே சொல்வேன். மலைக்குப் போகிறவருக்கு மட்டும் கணக்கு வேறு. மேற்கு யெல்லோஸ்டோன் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்து, சாதாரண எஞ்சினின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அந்த 90 அங்கே 72-தான். டர்போ காற்றை அமுக்கிக் கொடுத்து அந்த இழப்பை ஈடுகட்டும். இரண்டு பேர் உட்கார்ந்து, மூட்டையும் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு.